குடிநீரில் ஒரு காளானைத் தேடிய கதை

காலரா நோயை உண்டாக்குவது ஒரு காளான்; அந்தக் காளான் முக்கியமாகக் குடிநீரின் வழியாகவே பரவுகிறது. 1849ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் மருத்துவர் ஒருவர் அச்சிட்டு வெளியிட்ட முடிவின் சாரம் இது. இந்த முடிவின் முன்பாதி தவறு, பின்பாதி சரி. முன்பாதி பொய்த்தபோது, உண்மையான பின்பாதியும் அதோடு சேர்ந்து ஐயத்துக்கு உள்ளாயிற்று. குடிநீரின் தூய்மை பற்றிய அறிவியல் எவ்வாறு வளர்ந்தது என்பதை அறிய விரும்புவோர், தவறாகப் பிடிபட்ட இந்தக் காளானின் பின்னால் சிறிது தூரம் நடந்து செல்ல வேண்டும்.

காளான், பூசணம், பூஞ்சை என்று பல பெயர்களால் நாம் குறிப்பிடுவது ஒரே பெரும் உயிரினக் கூட்டத்தைத்தான். மழைக்காலத்தில் தோல் செருப்பின்மீது படரும் பசுமை, ஊறுகாயின் மேல் மிதக்கும் வெள்ளைப் படலம், பழைய ரொட்டியில் தோன்றும் கரும்புள்ளிகள் ஆகிய எல்லாம் பூஞ்சைகளே. இவற்றுக்குப் பச்சையம் இல்லை. ஆகவே வெளிச்சமும் தேவையில்லை. ஈரம், சிறிது கரிமப்பொருள், காற்று ஆகிய மூன்றும் இருந்தால் போதும். இவை ஸ்போர் எனப்படும் நுண்ணிய வித்துகளால் பரவுகின்றன. நீரிலும் காற்றிலும் இந்த வித்துகள் இல்லாத இடம் அரிது. நம் கதையின் குழப்பத்துக்கெல்லாம் இதுவே அடிப்படை என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

காளானை ஏன் சந்தேகித்தார்கள்?

பிரிஸ்டல் மருத்துவர்களை இன்று எளிதாக எள்ளி நகையாடலாம். ஆனால் அவர்கள் காலத்தில் நோய்க்குக் காளானைக் காரணமாகக் காட்டுவது மிகவும் நியாயமான கருத்தாகவே இருந்தது. 1835ஆம் ஆண்டில் இத்தாலியைச் சேர்ந்த அகோஸ்தினோ பாஸி, பட்டுப்புழுக்களைச் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுக்கச் செய்து கொல்லும் நோய்க்குக் காரணம் ஒரு பூஞ்சையே என்று காட்டினார். 1839இல் ஜெர்மன் மருத்துவர் ஷான்லைன், மனிதரின் தலைத்தோலில் வரும் ஒரு படைநோயில் பூஞ்சையைக் கண்டார். 1845, 1846ஆம் ஆண்டுகளில் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்தது. அந்த அழுகலுக்குக் காரணம் இலைகளில் காணப்படும் பூசணமே என்று பெர்க்லி என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1846இல் வாதாடினார். (அந்த உயிரியைப் பூஞ்சை இனத்திலிருந்து இன்று பிரித்து வேறு கூட்டத்தில் வைத்துள்ளனர், எனினும் நோய்க்கு அதுவே காரணம் என்ற கருத்து நிலைத்துவிட்டது.)

ஆக, கண்ணுக்குத் தெரியாத உயிரி நோயை உண்டாக்கும் என்பதற்கு அக்காலத்தவர் கையில் இருந்த நல்ல சான்றுகள் பெரும்பாலும் பூஞ்சைகளைப் பற்றியவை. பாக்டீரியா நோய் உண்டாக்கும் என்று எவரும் நிறுவியிருக்கவில்லை. பெரும்பாலான மருத்துவர்கள் அழுகும் பொருள்களிலிருந்து எழும் நச்சுக்காற்றே காலராவுக்குக் காரணம் என்று நம்பினர்.

இந்த நிலையில் 1848ஆம் ஆண்டில் காலரா இங்கிலாந்தில் மீண்டும் பரவத் தொடங்கியது. அடுத்த ஆண்டு முடிவதற்குள் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பிரிஸ்டலில் மட்டும் ஏறக்குறைய 2,000 பேர். அந்நகர மருத்துவர்கள் ஃபிரெடெரிக் பிரிட்டன், ஜோசப் ஸ்வேன் ஆகியோர் நோயாளிகளின் கழிவை நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். வளையம் போன்ற வட்ட உருவங்கள் அதில் ஏராளமாகத் தெரிந்தன. அவர்களோடு சேர்ந்து உழைத்த வில்லியம் பட் என்ற மருத்துவர், காலரா பரவிய பகுதிகளின் குடிநீரிலும் அத்தகைய உருவங்களைக் கண்டதாக அறிவித்தார். இவை ஒரு காளானின் அணுக்கள்; நீரோடு விழுங்கப்பட்டுக் குடலில் பெருகுகின்றன; கழிவோடு வெளியேறி மறுபடியும் நீரில் கலக்கின்றன என்பது பட்டின் கொள்கை. நோயாளியின் கழிவை மருந்திட்டு அழிக்க வேண்டும், தூய நீரையே பருக வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார்.

ஒரு மாதத்தில் தீர்ப்பு

செய்தி பரபரப்பை உண்டாக்கியது. லண்டன் மருத்துவர் கழகம் இதை ஆராயும் பொறுப்பை வில்லியம் பேலி, வில்லியம் கல் என்ற இருவரிடம் ஒப்படைத்தது. 1849 அக்டோபர் மாதத்திலேயே அவர்களுடைய அறிக்கை வெளிவந்தது. வட்ட உருவங்கள் என்று பிரிஸ்டல் மருத்துவர்கள் வரைந்து காட்டியவை ஒரே பொருள் அல்ல என்று அது கூறியது. சில, கோதுமை உமியின் துணுக்குகள். சில, கோதுமைக் கதிரைத் தாக்கும் கரிப்பூட்டை நோயின் வித்துகள். ரொட்டியோடு வயிற்றுக்குள் போனவை. காலரா இல்லாதவர்களிடமும் இவை காணப்பட்டன. நோய்க்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை.

இந்தத் தீர்ப்பு முற்றிலும் சரியானது. அறிவியல் ஆய்வு எவ்வாறு நடக்க வேண்டும் என்பதற்கே அது ஓர் எடுத்துக்காட்டு. நோயாளியிடம் ஒன்றைக் கண்டால் போதாது. நோயற்றவரிடம் அது இல்லை என்பதையும் காட்டியாக வேண்டும். பிரிஸ்டல் மருத்துவர்கள் இந்த ஒப்பீட்டைப் போதிய அளவு செய்யவில்லை.

ஆனால் தீர்ப்பின் விளைவு அதன் எல்லையைத் தாண்டிச் சென்றது. காளான் போயிற்று என்றதும், குடிநீர் என்ற பாதையின் மீதும் நம்பிக்கை தளர்ந்தது. பேலியும் கல்லும் 1854இல் வெளியிட்ட விரிவான அறிக்கையில், காலரா நீரால் பரவுகிறது என்ற கொள்கையையும் ஏற்க மறுத்தனர்.

இதே காலத்தில் லண்டனில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் அதே பின்பாதியை வேறு வழியில் நிறுவிக்கொண்டிருந்தார். பட்டின் நூலுக்குச் சற்று முன்னதாகவே, 1849 ஆகஸ்டில், அவருடைய முதல் சிறுநூல் வெளிவந்தது. காலரா நஞ்சு உடலுக்குள் பெருகும் தன்மை உடையது. ஆகவே அது உயிரணுவை ஒத்த அமைப்பு உடையதாக இருக்கலாம் என்ற அளவோடு அவர் பின்னர் நிறுத்திக்கொண்டார். இதுதான் அந்த உயிரி என்று எந்த உருவத்தையும் அவர் சுட்டிக் காட்டவில்லை. மாறாக, வீடுகளை எண்ணினார்.

தென் லண்டனின் பல தெருக்களில் இரண்டு குடிநீர்க் கம்பெனிகளின் குழாய்கள் பக்கம் பக்கமாக ஓடின. லாம்பெத் கம்பெனி 1852இல் தன் நீர் எடுக்கும் இடத்தைச் சாக்கடை கலக்காத மேல்பகுதிக்கு மாற்றிக்கொண்டது. சவுத்வர்க்–வாக்ஸால் கம்பெனி நகரக் கழிவு கலந்த தேம்ஸ் நீரையே தொடர்ந்து வழங்கியது. 1854ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின் முதல் ஏழு வாரங்களில் நிகழ்ந்த இறப்புகளை ஸ்னோ கணக்கிட்டார். சவுத்வர்க்–வாக்ஸால் நீரைப் பயன்படுத்திய ஒவ்வொரு 10,000 வீடுகளுக்கும் 315 பேர். லாம்பெத் நீரைப் பயன்படுத்திய ஒவ்வொரு 10,000 வீடுகளுக்கும் 37 பேர். ஒரே தெரு, ஒரே காற்று, ஒரே வகை மக்கள். வேறுபாடு நீரில் மட்டுமே. நுண்ணோக்கி காட்டத் தவறியதை எளிய வகுத்தல் கணக்கு காட்டிற்று.

பட்டின் பணியும் வீண்போகவில்லை. 1866இல் காலரா மீண்டும் வந்தபோது, நோயாளிகளின் கழிவை உடனுக்குடன் மருந்திட்டு அழிக்கும் முறை பிரிஸ்டலில் கண்டிப்பாகப் பின்பற்றப்பட்டது. அவ்வாண்டு அந்நகரில் காலராவால் இறந்தவர்கள் 29 பேர் மட்டுமே. உயிரியின் பெயரைத் தவறாகச் சொன்னவர், அது செல்லும் வழியைச் சரியாக அடைத்துவிட்டார்!

காண்பது வேறு, பிரித்தறிவது வேறு

இந்த இடத்தில் இயற்பியல் பயிலும் மாணவர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். உண்மையான காலராக் கிருமி அந்த மருத்துவர்களின் கண்ணில் ஏன் படவில்லை? அக்கால நுண்ணோக்கிகள் அவ்வளவு மோசமானவையா?

காலராக் கிருமி காற்புள்ளியைப் போல் வளைந்த ஒரு பாக்டீரியா. அதன் தடிமன் ஏறத்தாழ அரை மைக்ரான். நீளம் இரண்டு, மூன்று மைக்ரான். (மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) பூஞ்சை வித்துகளோ பெரும்பாலும் சில மைக்ரான் முதல் இருபது மைக்ரான் வரை குறுக்களவு உடையவை. நுண்ணோக்கியின் பகுதிறனுக்கு, அதாவது நெருங்கிய இரு புள்ளிகளைத் தனித்தனியே காட்டும் திறனுக்கு, ஒளியின் அலைநீளமே எல்லை வகுக்கிறது. ஏறத்தாழ அரை அலைநீளத்துக்கும் குறைவான இடைவெளியை, எத்தனை மடங்கு உருப்பெருக்கினாலும், சாதாரண ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டாது. பச்சை ஒளிக்கு இந்த எல்லை சுமார் 0.2 மைக்ரான். ஜெர்மனியின் ஜீனா நகரில் கார்ல் ஸைஸின் கூடத்தில் பணியாற்றிய எர்ன்ஸ்ட் அபே இவ்விதியை 1873இல் வெளியிட்டார்.

ஆக, காலராக் கிருமி இந்த எல்லைக்கு உட்பட்டதே. 1854ஆம் ஆண்டிலேயே இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் ஃபிலிப்போ பாசினி என்பவர் அதைக் கண்டு, வரைந்து, பெயரும் இட்டார். ஆனால் அவருடைய கட்டுரையை உலகம் பொருட்படுத்தவில்லை. ஏனெனில் கழிவில் எத்தனையோ உருவங்கள் தெரிகின்றன. அவற்றுள் எது நோயை உண்டாக்குகிறது, எது வழிப்போக்கன் என்று தனித்தறிய வழியில்லை. பெரிய உருவங்களே முதலில் கண்ணைக் கவரும். பூஞ்சை வித்து பருத்தது, தடித்த சுவருடையது, ஒளியை நன்கு விலக்குவது. ஆகவே சாயம் ஏற்றாமலே பளிச்சென்று தெரியும். பாக்டீரியாவோ நீரைப் போலவே தெளிவானது. பற்றாக்குறை உருப்பெருக்கத்தில் இல்லை. பிரித்தெடுத்து வளர்க்கும் முறையில் இருந்தது.

ஜீனாவிலிருந்து கல்கத்தா வரை

பிரிஸ்டலில் வீழ்ந்த காளான் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் ஜீனாவில் மறுபடியும் முளைத்தது. அந்நகரத் தாவரவியலார் எர்ன்ஸ்ட் ஹாலியர், காலராக் கழிவை ஊட்டப்பொருள்களின்மீது வளர்த்து, பூஞ்சைகள் தோன்றுவதைக் கண்டார். காலராக் கிருமி என்பது ஒரு பூஞ்சையின் வளர்ச்சிப் பருவமே. அந்தப் பூஞ்சை ஆசியாவின் நெற்பயிரில் வாழ்வது என்று 1867இல் எழுதினார். நெல் விளையும் நாடு இந்தியா. காலராவின் தாயகம் எனக் கருதப்பட்டதும் இந்தியாவின் வங்காளம். கொள்கை மிகவும் கவர்ச்சியாக இருந்தது.

பூஞ்சையியலின் தந்தை எனப் போற்றப்படும் தே பாரி இதை ஏற்கவில்லை. காற்றிலிருந்து விழுந்த வித்துகளே ஹாலியரின் கலங்களில் முளைத்திருக்க வேண்டும் என்று அவர் எச்சரித்தார். கேள்வியை இந்தியாவிலேயே தீர்க்க முடிவு செய்த பிரிட்டிஷ் அரசு, திமோதி லூயிஸ், டேவிட் டக்ளஸ் கன்னிங்காம் என்ற இரண்டு இளம் மருத்துவர்களைத் தேர்ந்தெடுத்தது. அவர்கள் முதலில் ஜெர்மனிக்குச் சென்று ஹாலியரிடமும் தே பாரியிடமும் நேரில் கற்றுக்கொண்டு, 1869ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கல்கத்தா வந்து சேர்ந்தனர்.

காலராக் கழிவையும் காலரா அல்லாத கழிவையும் ஒரே முறையில் வளர்த்துப் பார்த்தார் லூயிஸ். இரண்டிலும் ஒரே வகைப் பூஞ்சைகளே தோன்றின. காலராவுக்கு மட்டும் உரிய பூஞ்சை எதுவும் இல்லை என்று 1870ஆம் ஆண்டு அறிக்கையில் எழுதினார். கன்னிங்காம் கல்கத்தாக் காற்றை ஆராய்ந்தார். காற்றாடியோடு பொருத்திய சிறு கருவியில் கிளிசரின் தடவிய கண்ணாடித் தகட்டை வைத்து, அதில் ஒட்டும் தூசியை நுண்ணோக்கியில் எண்ணினார். 1873இல் வெளிவந்த அவருடைய நூலில் பூஞ்சை வித்துகளின் படங்கள் பக்கம் பக்கமாக உள்ளன. வித்துகள் எப்போதும் ஏராளம்; ஆனால் அவை கூடுவதற்கும் நோய் கூடுவதற்கும் தொடர்பில்லை என்று அவர் கண்டார். காற்றில் மிதக்கும் உயிர்த்துகள்களைப் பற்றிய உலகின் முதல் விரிவான ஆய்வுகளில் அதுவும் ஒன்று. காலராக் காளானைத் தேடப் போய் வேறோர் அறிவியல் துறைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

விடை 1884இல் கிடைத்தது. ராபர்ட் காக் 1883இல் எகிப்துக்கும் அங்கிருந்து கல்கத்தாவுக்கும் வந்தார். அவரிடம் மூன்று புதிய கருவிகள் இருந்தன. அபே வடிவமைத்த எண்ணெயில் தோயும் பொருளருகு வில்லை. பாக்டீரியாவை நிறமேற்றும் அனிலின் சாயங்கள். 1881இல் அவரே உருவாக்கிய, கெட்டியான ஊட்டக்கூழில் ஒவ்வொரு கிருமியையும் தனித்தனிப் புள்ளியாக வளர்த்தெடுக்கும் முறை. காலரா நோயாளிகளின் குடலில் காற்புள்ளி வடிவக் கிருமியைக் கண்ட காக், காலரா பரவியிருந்த ஒரு குடியிருப்பின் குளத்து நீரிலும் அதையே கண்டார். மக்கள் குளித்ததும், துவைத்ததும், குடித்ததும் அந்தக் குளத்து நீரைத்தான். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் பட் சொன்ன பின்பாதி மெய்யாயிற்று. எனினும் பலமுறை ஏமாந்த உலகம் உடனே நம்பிவிடவில்லை. காளானை மறுத்த அதே லூயிஸ், நலமாக இருப்பவரின் வாயிலும் வளைந்த பாக்டீரியாக்கள் உண்டு என்று காட்டி, காக்கின் முடிவையும் ஐயுற்றார்! பாசினியின் முன்னுரிமை 1965ஆம் ஆண்டில்தான் பன்னாட்டுப் பெயரிடும் குழுவால் முறைப்படி ஏற்கப்பட்டது.

பெர்லின் குழாய்களில் வந்த வினை

பூஞ்சை என்ற பெயர் குடிநீர்க் குழாயை இன்னொரு வழியிலும் தொற்றிக்கொண்டது. பாக்டீரியாக்கள் தனிக் கூட்டம் என்பது அக்காலத்தில் தெளிவாகவில்லை. 1857இல் நெகேலி அவற்றுக்குப் பிளவுக் காளான்கள் என்று பெயரிட்டார். இரண்டாகப் பிளந்து பெருகுபவை என்பது பொருள். ஆகவே அந்நாளைய நூல்களில் நீர்க் காளான் என்று படித்தால், அது இன்றைய பூஞ்சையா, பாக்டீரியாவா என்று நாம்தான் கவனித்துக்கொள்ள வேண்டும்.

பெர்லின் நகரம் 1877ஆம் ஆண்டில் டேகல் ஏரிக்கரையில் கிணறுகள் வெட்டிப் புதிய குடிநீர் நிலையத்தைத் திறந்தது. மண்ணில் வடிந்து வரும் நிலத்தடி நீர் என்பதால் அதைவிடத் தூயது எது என்று எண்ணினர். ஓராண்டுக்குள் குழாய்களில் பழுப்பு நிற நீரும் நூல்நூலான பஞ்சுத் திரள்களும் வரத் தொடங்கின. துணி கறைபட்டது, நீர் நாறியது. 1879இல் ஸோஃப் என்ற தாவரவியலார் இதை ஆராய்ந்து, கிரெனோத்ரிக்ஸ் என்ற நூலுயிரியே காரணம் என்றார். கிணற்று நூல் என்று பெயர் சூட்டி 1870இல் ஃபெர்டினான்ட் கோன் விவரித்த உயிரி அது. ஸோஃப் அதைப் பிளவுக் காளான்களுள் சேர்த்தார். தன்னைச் சுற்றியுள்ள உறையில் நீரிலுள்ள இரும்பைத் துருவாகப் படியச் செய்வது இதன் வழக்கம்.

பெர்லின் நகரம் 1880களின் தொடக்கத்தில் அக்கிணறுகளைக் கைவிட்டு, ஏரி நீரை மணல் வடிகட்டிகளில் வடிக்கும் முறைக்கு மாறியது. 1887இல் ஹாலந்தின் ராட்டர்டாம் நகருக்கும் இதே வினை வந்தது. குழாய்களின் இருண்ட உட்புறத்தில் வாழும் உயிர்களை அங்கே ஆராய்ந்தவர் ஹியூகோ டி விரிஸ். திடீர் மாற்றக் கொள்கைக்காகப் பிற்காலத்தில் நம் பாடநூல்களில் இடம்பெற்ற அதே அறிஞர்தான். குழாய் என்பது நீரைக் கடத்தும் வெறும் உலோகம் அல்ல, உயிர்கள் குடியிருக்கும் இடம் என்பதை இந்த ஆய்வுகள் உணர்த்தின. நிலத்தடி நீரைக் காற்றோட்டத்தில் விட்டு இரும்பை முன்னதாகவே நீக்கும் முறை 1890களில் உருவாகி, பெர்லின் மீண்டும் கிணற்று நீருக்குத் திரும்ப வழிசெய்தது. கிரெனோத்ரிக்ஸின் உண்மையான உணவு மீத்தேன் வாயு என்பது 2006ஆம் ஆண்டில்தான் நிறுவப்பட்டது. அது பூஞ்சை அல்ல, பாக்டீரியாவே.

மறக்கப்பட்ட பூஞ்சை

1892இல் ஹாம்பர்க் நகரில் வடிகட்டாத எல்ப் ஆற்று நீரைக் குடித்த 8,000க்கும் மேற்பட்டோர் காலராவுக்குப் பலியாயினர். அதே ஆற்று நீரை மணலில் வடித்துக் குடித்த அடுத்த ஊரான அல்டோனா பெரும்பாலும் தப்பித்தது. அதன் பிறகு நீரின் தரத்தைப் பாக்டீரியாவைக் கொண்டு அளப்பதே உலக வழக்கமாயிற்று. மனிதக் குடலில் வாழும் கோலிஃபார்ம் வகைப் பாக்டீரியா நீரில் இருந்தால், அங்கே கழிவு கலந்திருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனையும் குளோரினும் சேர்ந்து இருபதாம் நூற்றாண்டில் எண்ணற்ற உயிர்களைக் காத்தன. குடிநீருக்கான இந்தியத் தரநிலையும் 100 மில்லிலிட்டர் நீரில் ஈ.கோலி ஒன்றுகூடத் தென்படக் கூடாது என்கிறது.

இந்தப் பெருவெற்றியின் நிழலில் உண்மையான பூஞ்சைகளை ஏறக்குறைய எல்லோரும் மறந்தனர். நீரில் பூஞ்சை வித்து தென்பட்டால், காற்றிலிருந்து விழுந்திருக்கும் என்று ஒதுக்கினர். ஹாலியரின் தவறு தந்த எச்சரிக்கை ஒரு பழக்கமாகவே இறுகிவிட்டது. ஆனால் கோலிஃபார்ம் சோதனை கழிவு கலந்ததைத்தான் சொல்லும். குழாயினுள்ளே தானாக வளர்வதைச் சொல்லாது.

1982ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் நேகி, ஓல்சன் என்ற இரு ஆய்வாளர்கள் குடிநீர்க் குழாய் அமைப்புகளைச் சோதித்து, குளோரின் சேர்த்த நீரிலும் சேர்க்காத நீரிலும் இழைப்பூஞ்சைகள் வாழ்வதைக் காட்டினர். இதற்கு விளக்கம் சொல்வதில் இயற்பியலுக்கும் பங்குண்டு. குழாயின் நடுவில் நீர் வேகமாக ஓடினாலும், சுவரை ஒட்டிய மெல்லிய படலம் ஏறக்குறைய அசைவதில்லை. அந்த அமைதியான படலத்தில் பாக்டீரியாக்கள் முதலில் ஒட்டி வழுவழுப்பான பூச்சை உண்டாக்குகின்றன. பூஞ்சை இழைகள் அதில் வேரூன்றுகின்றன. குளோரின் அப்பூச்சின் மேற்பரப்பிலேயே பெரும்பாலும் செலவாகிவிடுகிறது. மேலும், பல பூஞ்சை வித்துகளின் தடித்த சுவர், கோலிஃபார்ம் மடியும் அளவு குளோரினைத் தாங்கிக்கொள்ளும்.

இதனால் யாருக்குத் தீங்கு? உடல்நலம் உள்ளவர் இத்தகைய நீரைப் பருகுவதால் காலராவைப் போன்ற கொள்ளைநோய் வருவதில்லை. சுவை கெடுதல், புழுங்கிய மணம், சிலருக்கு ஒவ்வாமை ஆகியவையே பெரும்பாலும் விளையும். ஆனால் புற்றுநோய்ச் சிகிச்சையாலோ உறுப்பு மாற்றத்தாலோ எதிர்ப்பாற்றல் குன்றியவர்களின் நிலை வேறு. அவர்களது நுரையீரலில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை புகுந்தால் உயிருக்கே ஆபத்து. 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆர்கன்ஸா மாநிலத்தில் அனைஸி என்பவரின் குழுவினர் ஒரு மருத்துவமனையின் நீர் அமைப்பை மூன்று ஆண்டுகள் ஆராய்ந்த முடிவை வெளியிட்டனர். குழாய் நீரில் ஆஸ்பர்ஜில்லஸ் இருந்தது. நோயாளிகளின் அறைக்காற்றைவிடக் குளியலறைக் காற்றில் அதன் வித்துகள் மிகுதி. தூவாலைக் குளியலறையின் தரையைக் கழுவித் துடைத்ததும் காற்றில் பூஞ்சைகள் குறைந்தன. ஏறக்குறைய அதே காலத்தில் நார்வேயின் ஆஸ்லோ நகரிலும் மருத்துவமனை நீரில் இழைப்பூஞ்சைகள் கண்டறியப்பட்டன.

இங்கே ஒரு சிறு கணக்கு. ஆஸ்பர்ஜில்லஸ் வித்தின் குறுக்களவு சுமார் 3 மைக்ரான். ஸ்டோக்ஸ் விதியைக் கொண்டு கணக்கிட்டால், அசையாத காற்றில் அத்தகைய துகள் ஒரு மீட்டர் உயரம் இறங்குவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். குளித்தவர் வெளியேறிய பின் நுழைபவரும் அதைச் சுவாசிக்கலாம். பருகும் நீரையே நினைத்துக்கொண்டிருந்த நாம், மூச்சோடு உள்ளே போகும் நீரை நினைக்கவில்லை.

விதிகளும் மெல்ல மாறிவருகின்றன. ஸ்வீடன் நாட்டின் 2001ஆம் ஆண்டுக் குடிநீர் விதிகள் 100 மில்லிலிட்டரில் 100 என்று நுண்பூஞ்சைகளுக்கும் ஓர் அளவு குறித்தன. புட்டியில் அடைத்து விற்கும் குடிநீருக்கான 2004ஆம் ஆண்டு இந்தியத் தரநிலை, ஈஸ்டையும் பூஞ்சையையும் சோதிக்கச் சொன்னது. 2022இல் உலகச் சுகாதார நிறுவனம், மனிதருக்கு ஆபத்தான 19 பூஞ்சைகளின் பட்டியலை முதன்முறையாக வெளியிட்டு, ஆஸ்பர்ஜில்லஸின் ஓர் இனத்தை மிக முக்கியமான பிரிவில் வைத்தது.

வரலாறு தரும் பாடம்

இந்தக் கதையில் ஒவ்வொருவரும் பாதி சரியாகவும் பாதி தவறாகவும் இருந்தனர். பட் வழியைச் சரியாகச் சொன்னார். உயிரியைத் தவறாகச் சொன்னார். பேலியும் கல்லும் உயிரியை மறுத்தது சரி. அதோடு வழியையும் மறுத்தது தவறு. காளானே காரணம் என்றவர்கள் தோற்றார்கள். ஆனால் நீரில் பூஞ்சையைப் பார்க்கவே வேண்டியதில்லை என்ற பின்வந்தோரின் எண்ணமும் நிலைக்கவில்லை. எது பரவுகிறது என்பது ஒரு கேள்வி. எவ்வழியாகப் பரவுகிறது என்பது இன்னொரு கேள்வி. ஒன்றுக்குத் தரும் சான்று மற்றொன்றுக்குச் சான்றாகாது. ஒன்றின் தோல்வி மற்றொன்றின் தோல்வியும் ஆகாது. தேர்வில் ஒரு கணக்கின் முதல் வரி பிழையானால், அடுத்த வரிகளைப் படிக்காமலே அடித்துவிடுவது எளிது. பிரிஸ்டல் கணக்கைத் திருத்தியவர்கள் செய்தது அதுதான்.

நம் வீடுகளின் மேல்நிலைத் தொட்டிகளுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். மூடி சரியாகப் பொருந்தாத தொட்டியில் இலைச் சருகும் தூசியும் விழுகின்றன. உட்சுவரில் வழுவழுப்பு படிகிறது. அடியில் வண்டல் தங்குகிறது. பூஞ்சைக்கு வேண்டிய ஈரமும் உணவும் காற்றும் அங்கே ஒருங்கே கிடைக்கின்றன. குளோரினை மட்டும் கொட்டினால் சுவரின் பூச்சு போய்விடாது. நீரை வடித்துவிட்டு, சுவரைத் தேய்த்துக் கழுவி, வண்டலை அகற்றி, அதன் பிறகே குளோரின் இட வேண்டும். எதிர்ப்பாற்றல் குன்றிய நோயாளி உள்ள வீட்டில் குளியலறைத் தரையையும் தூவாலையின் தலைப்பகுதியையும் அடிக்கடி கழுவி உலரவிடுவது நல்லது. இருளும் ஈரமும் உள்ள இடத்தில் பூஞ்சை காத்திருக்கும் என்பதை நம் பாட்டிமார் ஊறுகாய் ஜாடியிலிருந்தே அறிந்திருந்தனர். குடிநீர்க் குழாய்க்கும் அது பொருந்தும் என்று அறிவியல் உறுதிசெய்வதற்கு நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.